டாக்டர் ஹூ ஒலி நாடகங்கள்: எங்கே தொடங்குவது, எங்கே சிக்கிக்கொள்வோம்

காலத்தில் பயணம் செய்யும், அவ்வப்போது உருவம் மாறி வேறு நடிகராகிவிடும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியின் கதைதான் 'டாக்டர் ஹூ'. பிபிசியில் 1963 முதல் 1989 வரை ஓடிய அந்தத் தொடர் நின்ற பிறகு, 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. அதற்குப் பிறகு 2005 வரை புதுத் தொடர் ஏதும் இல்லை. அந்த வறட்சிக் காலத்தில்தான், 1999 ஜூலையில், பிக் ஃபினிஷ் நிறுவனம் டாக்டராக நடித்த பழைய நடிகர்களையே பேசவைத்து ஒலி நாடகங்களை வெளியிட ஆரம்பித்தது. மாதாந்திர வரிசையில் மட்டும் 275 வெளியீடுகள் வந்து 2021 மார்ச்சில் முடிந்தது. கிளை வரிசைகளுக்குக் கணக்கே இல்லை.

புதிதாக வருபவர் செய்யும் முதல் தவறு, எண் 1இலிருந்து தொடங்குவது. 'தி சைரன்ஸ் ஆஃப் டைம்' பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூவரையும் ஆளுக்கொரு பாகமாகப் பிரித்து, நான்காம் பாகத்தில் ஒன்றுசேர்க்கும் கதை. அப்போது அது பெரிய விஷயம்தான். இன்று கேட்டால், ஆட்கள் ஊடகத்தைக் கற்றுக்கொண்டிருப்பது காதில் விழும். பாத்திரங்கள் கண்ணால் பார்ப்பதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "ஐயோ, அந்தக் கதவு திறக்கிறதே!" என்கிற ரகம். கதவு திறக்கும் சத்தம்தான் ஏற்கெனவே கேட்டுவிட்டதே!

தொடங்க வேண்டிய இடம் 16ஆம் எண்: 'ஸ்டார்ம் வார்னிங்', 2001. அதுவரை திரையில் அந்த 1996 படத்தில் மட்டுமே டாக்டராக வந்திருந்த பால் மெக்கேனுக்கு இதுதான் உண்மையான முதல் நாள். அவரைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. கதை நடப்பது 1930இல், ஆர்101 என்ற பிரிட்டிஷ் வான்கப்பலுக்குள். கராச்சிக்குக் கிளம்பிய அந்தக் கப்பல் அக்டோபர் 5 அதிகாலையில் பிரான்ஸில் விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். இது வரலாறு. அதில் ஆண் வேடமிட்டு ஒளிந்து ஏறிய சார்லி பொல்லார்ட் என்ற பெண்ணை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். செத்திருக்க வேண்டியவள் உயிரோடு இருக்கிறாள் என்ற இந்த ஒரு முடிச்சு 33ஆம் எண் 'நெவர்லேண்ட்' வரை இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பாதையில் கட்டாயம் கேட்க வேண்டியவை 16, 29, 33. இடையில் உள்ள 19ஆம் எண் 'மினுயெட் இன் ஹெல்' கதையைத் தாண்டிப் போகலாம். அமெரிக்க உச்சரிப்பு என்று சில நடிகர்கள் செய்வதைத் தாங்குவது கஷ்டம்.

29, 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்', ராபர்ட் ஷியர்மன் எழுதியது. 1906ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் முந்தைய இரவு, ஒரு பெரிய வீட்டின் வேலைக்காரர் பகுதி. கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் ஒரு வேலையாள் சாகிறார். நள்ளிரவானதும் நேரம் பின்னால் போய்விடுகிறது. மற்ற வேலைக்காரர்கள் அதைத் துளியும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், பிளம் புட்டிங் பற்றியே பேசுகிறார்கள். கடிகாரத்தின் டிக் டிக் வசனத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பேருந்தில் கேட்டால் அது காணாமல் போய்விடும், பயமும் கூடவே போய்விடும். இரவில், இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக் கேட்க வேண்டிய கதை.

அடுத்தது 34ஆம் எண், மார்க் பிளாட்டின் 'ஸ்பேர் பார்ட்ஸ்', 2002. உடலை இயந்திரமாக மாற்றிக்கொண்ட மனிதர்களான சைபர்மேன்கள் எப்படி உருவானார்கள் என்பதுதான் கதை. 1966இல் திரையில் முதன்முதலாக வந்த சைபர்மேன்களுக்கு ஒரு வினோதக் குரல் இருந்தது: ஏற்ற இறக்கமெல்லாம் தப்பான இடத்தில் விழும், பாட்டுப் போன்ற பேச்சு. பின்னால் தொலைக்காட்சி அதைக் கைவிட்டுவிட்டது. இந்த நாடகம் அதை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவருகிறது. பாதி மாற்றப்பட்ட நிலையில் ஒரு பெண் தன் அப்பா வீட்டுக்குத் திரும்பி வரும் காட்சி இருக்கிறது. படத்தில் என்றால் முதலில் நமக்குத் தெரிவது ஒரு முகமூடி. இங்கே அந்தக் குரலுக்குள் மகளைத் தேடும் வேலையை அப்பாவோடு சேர்ந்து நம் காதும் செய்கிறது. இந்தத் தொடர் ஏன் ஒலியாக வர வேண்டும் என்று யாராவது கேட்டால், இந்த ஒரு காட்சியைப் போட்டுக்காட்டினால் போதும்.

காலின் பேக்கர் கதையும் அப்படித்தான். 80களில் கண்ணைக் கூசவைக்கும் பலவண்ணக் கோட்டோடு வந்து, 1986இல் வெளியேற்றப்பட்டவர். ஒலியில் கோட்டு இல்லை, குரல் மட்டும்தான். கூடவே எவெலின் ஸ்மைத் என்ற நடுவயது வரலாற்று ஆசிரியை. டாக்டரை அதட்டுவதற்கு அவரை விட்டால் ஆளில்லை. இந்த ஜோடிக்கு 40ஆம் எண் 'ஜூபிலி' கேளுங்கள். டாலெக் என்பது உலோகக் கூட்டுக்குள் இருக்கும், டாக்டரின் பரம எதிரி இனம்; லண்டன் டவரில் ஒற்றை டாலெக்கைப் பூட்டிவைத்திருக்கும் கதை இது. இதையே அடிப்படையாக வைத்துத்தான் ஷியர்மன் 2005இல் தொலைக்காட்சிக்கு 'டாலெக்' எழுதினார். டாலெக் குரலுக்குப் பின்னால் இருப்பது ரிங் மாடுலேட்டர் என்ற கருவி. பேச்சை சுமார் 30 ஹெர்ட்ஸ் அதிர்வோடு பெருக்கி அந்தக் கரகரப்பை உண்டாக்குகிறது. இங்கே அந்தக் குரலைக் கொடுக்கும் நிக்கோலஸ் பிரிக்ஸ்தான் 2005 முதல் தொலைக்காட்சி டாலெக்குகளுக்கும் பேசுகிறார்.

சறுக்கும் இடம் 50ஆம் எண், 'ஸாக்ரியஸ்'. தொடரின் 40ஆம் ஆண்டுக்காக 2003இல் மூன்று சிடிகளில் வந்தது. நான்கு டாக்டர்கள் என்று பெயர்தான். பெரும்பாலான நேரம் அவர்கள் வேறு வேறு பாத்திரங்களாக வருகிறார்கள். 'நெவர்லேண்ட்' முடிவு தொங்கலில் நிற்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது. ஒரே மூச்சில் கேட்காமல் ஒரு நாளைக்கு ஒரு சிடி என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். மெக்கேன் பாதையில் அடுத்து வரும் 52ஆம் எண் 'ஷெர்ட்ஸோ'வில் இரண்டே நடிகர்கள், அது அருமை. அதற்குப் பிந்தைய வேற்றுப் பிரபஞ்சக் கதைகளில் பல இழுவை.

இனி நடைமுறைக்கு வருவோம். வாங்கியதும் கணக்கில் எம்பி3, எம்4பி என்று இரண்டு வடிவம் கிடைக்கும். எம்4பி எடுங்கள். எம்பி3 என்றால் ஒரு கதை பல துண்டுகளாக வரும். ஃபோனின் பாட்டு ஆப்பில் ஷஃபிள் தெரியாமல் ஆன் ஆகியிருந்தால் கொலைகாரன் யார் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். எம்4பி ஒரே கோப்பு. ஆடியோபுக் ஆப்பில் திறந்தால் விட்ட இடம் நினைவிருக்கும். வேகத்தை 1.25 ஆக்கும் பழக்கம் இங்கே உதவாது; பின்னணி இசையும் மௌனமும் கெட்டுப்போகும். முணுமுணுப்பும் வெடிச்சத்தமும் அடுத்தடுத்து வருவதால், ஃபோனில் சத்தத்தின் அளவைச் சீராக வைக்கும் வசதி இருந்தால் ஆன் செய்துகொள்ளுங்கள். ஒற்றைக் காதில் கேட்பவர்கள் மோனோ ஆக்கிக்கொள்ளாவிட்டால், ஒரு பக்கமாக வைத்த குரல் பாதி போய்விடும்.

உச்சரிப்பு பிடிபட நமக்குக் கொஞ்சம் நாளாகும். மெக்காயின் ஸ்காட்டிஷ் 'ர'கரம் முதலில் தடுக்கும், டேவிசன் சுலபம். நடிகர் பட்டியலை முதலில் பார்த்துவைத்தால் யார் குரல் யாருடையது என்று தடுமாற வேண்டியிருக்காது. 2020 ஊரடங்கில் நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்து பதிவு செய்தவற்றில், ஒரே அறையில் பேசுகிற இருவரின் குரலில் இரண்டு அறைகளின் எதிரொலி சில இடங்களில் கேட்கும். உங்கள் இயர்போனில் கோளாறில்லை.

70களின் தொலைக்காட்சி டாக்டரான டாம் பேக்கரின் பிக் ஃபினிஷ் வரிசை 2012இல்தான் வர ஆரம்பித்தது. 70களின் குரல் அல்ல, வயதான குரல்தான். இரண்டு கதைக்குள் காது பழகிவிடும். அவருக்கு முந்தைய டாக்டரான, மறைந்த ஜான் பெர்ட்வீக்குப் பதில் பேசும் டிம் ட்ரெலோரை ஏற்றுக்கொள்ள அதைவிடச் சற்று நேரம் பிடிக்கலாம். கதை முடிந்ததும் வரும் பேட்டிகளை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். பெட்டித் தொகுப்புகளில் அடுத்த கதையின் திருப்பங்களைக்கூட எழுதியவர்களே சிரித்துக்கொண்டு போட்டு உடைத்துவிடுவார்கள்.