பிஸ்கட் டப்பாவில் ஐந்து மஞ்சள்

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், ஸ்டுடியோவை மூடிவிட்டு மிச்ச சாமான்களை விற்கிறார் ஒரு பெரியவர். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பிஸ்கட் டப்பாவில் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கான மஞ்சள் ஃபில்டர்கள், அதாவது லென்ஸ் முன்னால் மாட்டும் நிறக் கண்ணாடிகள், ஐந்து இருந்தன. ஒன்று 150 ரூபாய். நான்கில் ஒரு எழுத்தும் இல்லை. ஐந்தாவதன் வளையத்தில் பூச்சி மாதிரி ஒரு ரஷ்ய எழுத்து, பக்கத்தில் 2 என்ற எண்.

“இன்னா சார் அவ்ளோ நேரம் பாக்கறீங்க? எல்லாம் ஒரே மஞ்சதானே!”

காட்பாடியில் சிக்னல் வேலையில் முப்பது வருஷம் கழித்தவன் நான். ஒரே மஞ்சள் என்று யாராவது சொன்னால் கை அரிக்கும். ஐந்தையும் வாங்கிவிட்டேன். பேரம் பேசாதது என் தப்பு.

எது எந்த மஞ்சள் என்று தெரியாவிட்டால் என்ன நஷ்டம்? ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. வெளிச்சம் பாதியாகக் குறைந்தால் அது ஒரு ஸ்டாப். வெளிர் மஞ்சள், அதாவது 6ஆம் எண், முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவாகத்தான் வெளிச்சத்தைத் தின்னும். பழைய ஆட்கள் கே2 என்று சொல்லும் 8ஆம் எண் ஒரு ஸ்டாப். அடர் மஞ்சளான 15 அதற்கும் மேல். மஞ்சள்பச்சையான 11 இரண்டு ஸ்டாப் வரை கேட்கும். கேமராவுக்குள் இருந்து லென்ஸ் வழியாக வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இதைத் தானே ஈடுகட்டிவிடும் என்பார்கள். என் பென்டாக்ஸ் கே1000 கேமராவின் மீட்டரை நிற விஷயத்தில் நான் முழுசாக நம்புவதில்லை. ஃபில்டர் இல்லாமல் அளந்து, கையால் கூட்டிக்கொள்வதுதான் என் பழக்கம்.

முதலில் வெள்ளைத்தாள் மேல் வரிசையாக வைத்தேன். ஒன்றில் பச்சைச் சாயல் உடனே தெரிந்தது. மற்ற மூன்றைப் பிரிக்கக் கண் போதவில்லை. சோப்பு டப்பா ஒன்றில் பிளேடால் மெல்லிய கீறல் போட்டு, உள்ளே பழைய டிவிடி துண்டு ஒன்றைச் சாய்த்து ஒட்டினேன். எல்இடி பல்பைப் பார்த்தால் வானவில் பிரிந்து தெரியும். எல்இடி வெளிச்சத்தில் 450 நானோமீட்டர் பக்கம் நீலம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மஞ்சள் ஃபில்டர் தின்பது நீலத்தைத்தான், ஆகவே அதுதான் இங்கே நமக்கு உதவி. ரஷ்யக் கண்ணாடியில் 2 என்றால் இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதை வைத்ததும் நீலப்பட்டை அணைந்தது. பெயரில்லாததில் ஒன்று அச்சாக அப்படியே இருந்தது, ஆகவே அது கே2. இன்னொன்றில் நீலம் மங்கலாக மிச்சம் நின்றது, அது வெளிர். மூன்றாவது நீலத்தோடு நிற்காமல் பச்சையின் ஓரத்தையும் கடித்தது, அது அடர் மஞ்சள். பச்சைச் சாயல்காரன் சிவப்பையும் கொஞ்சம் மங்கவைத்தான், அவன்தான் 11.

சரி, சோப்பு டப்பா சொன்னதை ஃபிலிம் ஒப்புக்கொள்ள வேண்டுமே. வாங்கியது சித்திரையில். அவசரப்பட்டு அப்போதே கோட்டைக்குப் போய் ஒரு ரோல் வீணாக்கினேன். வேலூர் வெயிலில் வானம் வெளுத்த வேட்டி மாதிரி இருக்கும். நீலமே இல்லாத வானத்தில் மஞ்சள் எதை இருட்டாக்கும்? ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை, இல்போர்டு எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, அகழிக்கரையில் நின்று வடக்கு வானத்தைப் பார்த்து எடுத்தேன். கே2வில் மேகம் பிரிந்து நின்றது. அடர் மஞ்சளில் வானம் நன்றாகக் கறுத்து, கோட்டையின் கருங்கல் அதற்கு முன்னால் வெளுப்பாகத் தெரிந்தது.

வீட்டில் எடுத்தது இன்னும் தெளிவு. துவைக்கிற கல் மேல் நீலம், மஞ்சள், பச்சை பிளாஸ்டிக் குடங்கள். நீலக்குடம் வெறும் லென்ஸில் சாம்பல், வெளிர் ஃபில்டரில் அதே சாம்பல்தான் ஆனால் ஒரு மாற்றுக் குறைவு, அடர் மஞ்சளில் கிட்டத்தட்டக் கறுப்பு. மஞ்சள் குடம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் பிடிக்க வேண்டிய நேரத்தில் குடங்களை அடுக்கிவைத்ததற்கு வீட்டில் கேட்ட வசவு தனிக்கணக்கு.

குறை உண்டு. வெளிர் மஞ்சளில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டு விட்டு, ஓரத்தில் பிறை மாதிரி வானவில் ஓடுகிறது. கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியவில்லை. மாற்றித் தரச் சொன்னால் பெரியவர் காது கேட்காதவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்தில் மூன்று ஃபில்டர்களின் விட்டம் 52 மில்லிமீட்டர். என் லென்ஸ் 49, ஆகவே இரண்டையும் இணைக்கும் ரிங் தனியாக வாங்க வேண்டியிருந்தது. அதற்கும் அவரிடமே 100 ரூபாய் அழுதேன்.

ஆனாலும் 150 ரூபாய்க்கு நல்ல கே2 கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு வெள்ளைத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். அடுத்த தடவை போனபோது டப்பாவின் அடியில் இன்னும் இரண்டு மஞ்சள் கிடந்தன. ஒன்று 49தான், வளையம் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது.