அம்மா நாலு வருடத்துக்குப் பிறகு உள்ளே போன பலசரக்குக் கடை

நாலு வருடமாக அம்மா எந்தக் கடைக்கும் உள்ளே போனதில்லை. சீனி வருத்தத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, டவுனுக்குக் கூட்டி வந்தாலும் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார். நான் சாமான் எழுதிய துண்டை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருவேன், அவர் கருவாட்டை மோந்து பார்த்துவிட்டு "இதையா வாங்கின" என்பார். போன மாதம் ஹட்டன் டவுனில் ஒரு சின்னப் பலசரக்குக் கடையில் அவரே கட்டாக் கருவாட்டைப் புரட்டிப் பார்த்து, ஒன்றைத் தள்ளி வைத்து, இன்னொன்றை எடுத்து, விலையும் பேசினார். அந்தக் கடை வாசலில் வீல்செயாருக்காகக் கட்டியிருக்கும் சாய்வுப் பாதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாமான் எல்லாம் மற்றக் கடைகளில் உள்ள விலைதான்.

மலைநாட்டு டவுன்களில் கடை வாசல் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கான், அதற்கு மேல் ஒரு சிலாப், அப்புறம் இரண்டு மூன்று படி. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தான் உயர்த்திக் கட்டுகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. சில இடங்களில் படிக்கு நடுவே மோட்டார் சைக்கிள் ஏற்ற ஒரு சரிவு போட்டிருப்பார்கள், நாங்கள் போய் நின்றால் அதைக் காட்டி "இதில் தள்ளிக்கொண்டு வாங்களேன்" என்பார்கள். நாங்கள் அடிக்கடி போக வேண்டியிருந்த இன்னொரு இடத்தில் வீல்செயாருக்கென்றே கட்டியிருந்தார்கள், ஆனால் 14 அங்குல உயரத்துக்கு வெறும் 4 அடி நீளம். அம்மாவும் நாற்காலியும் சேர்ந்து 75 கிலோ வரும். அந்தச் சரிவில் நிறுத்திப் பிடிக்கவே 20 கிலோவுக்கு மேல் கையில் தாங்க வேண்டும். ஒரு நாள் மழையில் என் செருப்பு வழுக்கி நாற்காலி பின்னால் வந்துவிட்டது, பின்னால் நின்ற ஒரு தம்பி ஓடி வந்து பிடித்திராவிட்டால் இரண்டு பேரும் கானுக்குள்தான். அதற்குப் பிறகு அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

எத்தனை அங்குலம் ஏற வேண்டுமோ அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் வேண்டும் என்பது உலகத்தில் பல நாடுகளில் வைத்திருக்கும் கணக்கு. 1 அங்குலத்துக்கு 1 அடி என்று வைத்துக்கொண்டால் எந்த மேசனுக்கும் விளங்கும். இந்தக் கணக்கில் கட்டினால் அதே 75 கிலோவுக்குக் கையில் வரும் பாரம் 6 கிலோ சொச்சம்தான். ஆனால் 14 அங்குலப் படிக்கு 14 அடி நேராக நீட்டினால் அது நடு ரோட்டில் போய் நிற்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் "இங்கே இடமில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கடை முதலாளி கைவிடவில்லை. அவருடைய மேசன் பார்த்துச் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இவ்வளவு நாளும் தோன்றாத ஒன்று. நம் ஊரில் ரோடே சரிவுதானே. கடைத் தரை மட்டமாக இருக்கிறது, ரோடு இறங்கிக்கொண்டே போகிறது. கடையின் பள்ளப் பக்கத்தில் உயரம் 14 அங்குலம், ஆனால் 14 அடி தள்ளி மேட்டுப் பக்க மூலையில் அளந்தால் 8 அங்குலம்தான். அதனால் மேட்டுப் பக்கத்தில் தொடங்கி, கடைச் சுவரை ஒட்டியே 8 அடி நீளத்துக்குப் பாதையை ஏற்றி, வாசலுக்கு முன்னால் 5 அடி மட்டமான மேடை விட்டிருக்கிறார்கள். நடந்து வருகிறவர்களுக்குப் பள்ளப் பக்கத்தில் பழைய படி அப்படியே இருக்கிறது. ரோட்டில் ஒரு அங்குலம்கூடப் பிடிக்கவில்லை.

பாதையின் அகலம் மூன்றரை அடி, அம்மாவின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது. வெளிப்பக்கம் சில்லு விளிம்பில் இறங்கிவிடாமல் 4 அங்குலக் கட்டு, அதன் மேல் ஜி.ஐ. பைப்பில் 3 அடி உயரக் கைப்பிடி. தரைக்கு டைல்ஸும் போடவில்லை, சிவப்புச் சீமெந்தும் பூசவில்லை, ஈரச் சீமெந்தின் மேல் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்காகக் கோடு இழுத்து விட்டிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று நல்ல மழை, ஆனாலும் கால் வழுக்கவில்லை. திரும்பி வரும்போது வழக்கம்போல நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பப் போனேன், அம்மா "விடு, முன்பக்கமாவே போறேன்" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். நான் பிரேக்குக்கு அருகில் கையை வைத்துக்கொண்டு சும்மா கூட நடந்தேன்.

முதல் தடவை எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ரோட்டிலிருந்து பாதைக்கு ஏறும் இடத்தில் கானுக்கு மேல் ஒரு இரும்புக் கிரில் போட்டிருந்தார்கள், கம்பிகள் நாங்கள் போகிற திசையிலேயே ஓடின, இடைவெளி ஒன்றரை அங்குலம் இருக்கும். முன்னால் உள்ள சின்னச் சில்லு அப்படியே உள்ளே இறங்கி நாற்காலி முன்பக்கம் குனிந்துவிட்டது. முதலாளி கடையை விட்டு ஓடி வந்து தூக்கிவிட்டு, "அக்கா, என்ன செய்யணும் சொல்லுங்க" என்றுதான் முதலில் கேட்டார். கம்பி குறுக்கே ஓட வேண்டும், இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று அம்மாவும் நானும் சொன்னோம். இரண்டு வாரம் கழித்துப் போனபோது புதுக் கிரில் இருந்தது, கான் சுத்தம் செய்யத் தூக்கி எடுக்கிற மாதிரியே. அம்மா அவரைப் பார்த்து "தம்பி, நல்லா இருப்பீங்க" என்றார்.

இன்னும் சரி செய்ய வேண்டியவையும் உண்டு, அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். வாசல் மேடை 5 அடி நீளம் இருந்தாலும் ஆழம் 4 அடிதான், வாசலுக்குள் திரும்ப இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருக்கிறது. கூரைத் தகரத்துக்குப் பீலி இல்லாததால் தண்ணீர் சரியாகப் பாதையின் நடுவில் விழுகிறது, அந்த இடத்தில் இப்போதே பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது, இந்த மழைக்காலம் முடிவதற்குள் வழுக்கும். பீலி போடும்வரை வாரத்துக்கு ஒரு தடவையாவது தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே மேசை உயரம், அம்மாவுக்குத் தராசு தெரியவில்லை. காலையில் லொறி வந்தால் அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் அந்த மேடையிலேயே இறக்குகிறார்கள், இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம், ஏனென்றால் ஒரு மூட்டை நின்றாலும் பாதை இல்லாத மாதிரித்தான்.

பொதுமக்கள் வந்து போகும் கட்டடங்களுக்கு இந்த வசதி வேண்டும் என்று நம் இலங்கையில் 2006ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். பெரிய கட்டடங்கள் பலவற்றில் இன்னும் அம்மாவைத் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறோம். ஒரு மேசனும் ஒரு அளவு நாடாவும் வைத்துக்கொண்டு சின்னக் கடைக்காரர் ஒருவர் செய்து முடித்துவிட்டார்.

போகிறவர்கள் பத்து மணிக்குப் பிறகு போங்கள், லொறி சாமான் இறக்கி முடிந்திருக்கும். ஆட்டோவை மேட்டுப் பக்கமாகக் கிரிலுக்கு நேரே நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளப் பக்கம் நிறுத்தினால் நாற்காலியை ரோட்டில் மேலே தள்ளிக்கொண்டு வர வேண்டும். கருவாடு வாசலுக்கு உள்ளே இடது கைப் பக்கம், கை எட்டுகிற உயரத்தில்தான் தொங்குகிறது.