பீகே-சிம்: அந்த ஐந்து முறைப் பட்டியல்தான் என் தலைவலி

மருந்து உடலில் எப்படிப் பரவும் என்று கணக்கிட பீகே-சிம் (PK-Sim) என்ற மென்பொருள் போதுமா, இல்லை காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கணுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2017 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது, விண்டோஸ் வேண்டும், உறுப்புகளை இரத்த ஓட்டத்தால் இணைத்து மருந்து எங்கே எவ்வளவு சேரும் என்று கணிக்கும். இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறார்.

என் எரிச்சல் ஒரே இடத்தில்தான். இரத்தத்துக்கும் திசுவுக்கும் இடையே மருந்து எந்த விகிதத்தில் பிரியும் என்று கணக்கிட ஐந்து முறைகள் பட்டியலில் நிற்கின்றன. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மாதிரி காரத்தன்மை உள்ள மருந்தைப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ மனிதரில் அதன் பரவல் கொள்ளளவு (இரத்தத்தில் உள்ள அதே செறிவில் மருந்து முழுவதையும் வைக்கத் தேவைப்படும் கற்பனைக் கொள்ளளவு) ஆயிரம் லிட்டரை ஒட்டி இருக்கும். அதாவது, பெரும்பகுதி திசுக்களுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் சவ்வுகளில் உள்ள அமிலப் பாஸ்போலிப்பிடுகளோடு (ஒருவகைக் கொழுப்பு) காரம் பிணைவதைப் பட்டியலில் உள்ள ரோட்ஜர்ஸ்-ரோலண்ட் முறை கணக்கில் எடுக்கும், பூலன்-தெய்ல் எடுக்காது. முறையை மாற்றினால், நேரம் போகப்போக மருந்தின் அளவு மாறுவதைக் காட்டும் வரைகோடே வேறு ஆளாகிவிடும். போதாததற்குக் கொழுப்பில் கரையும் தன்மைக்கு எண் போட ஒரு கட்டம். அது மடக்கை எண். இரண்டு தரவுத்தளங்களுக்கு இடையே ஒன்று வித்தியாசப்பட்டாலே பத்து மடங்கு! எதைப் போட்டாலும் கோடு மட்டும் வழவழவென்று, நம்பும்படியாக வந்து நிற்கும். அதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

நியாயமாகப் பார்த்தால் இது மென்பொருளின் குற்றமில்லை. ஸ்வீடன் விஞ்ஞானி டியோரெல் 1937இல், உறுப்புகளை இரத்த ஓட்டத்தால் இணைக்கும் இந்தச் சமன்பாடுகளுக்கு அடித்தளம் போட்டார். திசுப் பங்கீட்டில் இன்றும் எல்லா மருந்துக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் கிடையாது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களிலும் முறையை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் குழந்தைகள் விஷயத்தில் அசந்துபோனேன். பெரியவர்களின் அளவீட்டோடு ஒத்துவந்த மிடசோலம் (உறக்கமூட்டும் மருந்து) கணினி மாதிரியில் வயதைக் குறைத்தால் உறுப்பு எடையும் இரத்த ஓட்டமும் அதற்கேற்ப மாறுகின்றன. மருந்தைச் சிதைக்கும் சிப்3ஏ4 (CYP3A4) நொதி வயதோடு எப்படி மாறுகிறது என்ற வளர்ச்சித் தரவை இணைத்துவிட்டால், பிறந்த குழந்தையின் கல்லீரலில் அது குறைவாக இருப்பதும் கணக்கில் வந்துவிடும். உடல் எடையை மட்டும் வைத்து வகுக்கும் பழைய கணக்கு பக்கத்தில்கூட வராது. பச்சிளங்குழந்தையிடம் எத்தனை தடவைதான் இரத்தம் எடுப்பது?

இவ்வளவு புகழ்ந்தும், பரிந்துரைக்க இன்று மனம் வரவில்லை. நேற்றுதான் அந்தப் பட்டியலோடு மல்லுக்கட்டினேன், அதனாலும் இருக்கலாம். மனித இரத்தத்தில் மருந்தை அளந்த அளவீடு கையில் உள்ளவர்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளுங்கள். மூலக்கூறு அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு விடை தேடுபவர்கள், அதுவும் காரத்தன்மை மருந்தோடு வருபவர்கள், வேண்டாம். நான் விடப்போவதில்லை, அது வேறு கதை.