காரைக்குடியில் பழைய டிங்கி கார் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

செட்டிநாட்டுக்குப் பழஞ்சாமான் தேடி வருகிறவர்களில் பொம்மைக் கார் சேகரிப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. காரைக்குடியில் ஒரு கடையில் மறுபெயிண்ட் அடித்த காரை ஒரிஜினல் என்று சொல்லி என்னிடம் 14,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் நியாயமாக வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லும் கடை அந்தத் தெருவில் இல்லை.

வாங்கியது டிங்கி டாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார் வரிசையில் வந்த ஆஸ்டின் டெவான், அதே பெயருள்ள நிஜக் காரின் குட்டி உலோக மாதிரி. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் செய்தது. மெரூன் நிறம், மஞ்சள் அட்டைப்பெட்டி, அடித்தட்டில் 40டி என்ற மாடல் எண். "1949-ல ரங்கூன்ல வாங்கினதுண்ணே. பெட்டியோட அப்படியே பெட்டகத்துல இருந்துச்சு, பெயிண்டுல கைவைக்கல" என்றார் கடைக்காரர். பர்மா, மலேயா சாமான்கள் நம் ஊர் வளவு வீடுகளிலிருந்து இன்றும் வெளியே வருவதால் இந்தக் கதை நன்றாகவே எடுபடும்.

சென்னையில் நெடுநாளாகச் சேகரிக்கும் நண்பர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அடித்தட்டை உடலோடு பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையைத் துளைத்துக் கழற்றி, பெயிண்ட் அடித்து, பிறகு எபாக்சி பசையால் ரிவெட் போல உருட்டி வைத்திருக்கிறார்கள். புதுப் பெயிண்ட் தடிமனாக ஏறியதில் முன்பக்க கிரில் கோடுகளும் கதவு இடுக்குகளும் மழுங்கிப் போயிருந்தன. பெட்டியிலோ சின்ன எழுத்துகள் கலங்கலாக, பிரிண்டர் புள்ளிகளாகத் தெரிந்தன. பெட்டியும் நகல்தான்.

ரங்கூன் கதையும் நிற்கவில்லை. 1949-ல் இந்த அளவு டிங்கி கார்களுக்குத் தனித்தனிப் பெட்டியே கிடையாது. கடைக்கு ஆறு கார் ஒரே அட்டைப்பெட்டியில் வரும், கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து விற்பார். ஒரு காருக்கு ஒரு மஞ்சள் பெட்டி என்பது 1950-களில் வந்த வழக்கம். இந்த மாடலுக்கும் 1954-ல் 40டி-க்குப் பதிலாக 152 என்று புது எண் கொடுத்துவிட்டார்கள். யாராவது வருஷம் சொல்லி விற்றால், அந்த வருஷத்தையும் பெட்டியையும் அடித்தட்டு எண்ணையும் சேர்த்து வைத்துக் கேள்வி கேளுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் சொன்ன பதில்தான் எனக்கு ஆறவே இல்லை. "நிஜ ஆஸ்டினுக்கே பெயிண்ட் அடிச்சு ரெஸ்டோர் பண்ணினா விலை ஏறுது, இதுக்கு மட்டும் என்னண்ணே?" நிஜக் கார் ஓடுகிற இயந்திரம். துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தால்தான் அது உயிரோடு இருக்கும். அது எந்தக் கார் என்பதற்குச் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகமும் சாட்சி. 50 வயது தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் இருக்கும் வண்டிக்கு 2021 விதிப்படி 'விஏ' எழுத்தோடு தனிப் பதிவெண்ணே தருகிறார்கள். பொம்மைக் காருக்கு ஆர்.சி. புத்தகமே அதன் பழைய பெயிண்ட்தான். அதைச் சுரண்டி எடுத்த அன்றே மதிப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. உதிர்ந்து, கீறல் விழுந்த ஒரிஜினல் பெயிண்டுக்குத்தான் சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பார்கள். மறுபெயிண்ட் கார் விற்பது குற்றமில்லை. அப்படியென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும்.

இன்னொன்றும் நடக்கிறது. டிங்கியின் பழைய வார்ப்பு அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, 1960-களின் கடைசியில் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வந்தன. சிலவற்றின் அடியில் டிங்கி பெயரை அழித்த தடம் தெரியும். அவையும் சேகரிக்கத் தகுந்தவைதான், ஆனால் லிவர்பூல் சரக்கு என்று சொல்லி நீட்டினால் வாங்காதீர்கள்.

அப்புறம், பில். எனக்குக் கொடுத்ததில் 'பழைய பொம்மை 1' என்று மட்டும் எழுதியிருந்தது. நீங்கள் டிங்கி, மாடல் எண், 'ஒரிஜினல் பெயிண்ட்', 'ஒரிஜினல் பெட்டி' என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பணத்தை எடுக்காதீர்கள். ஜிபே செய்த ஸ்கிரீன்ஷாட், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், குரல் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். என்னிடம் பில் பலவீனமாக இருந்தாலும் "ஒரிஜினல்ண்ணே" என்று அவர் பேசி அனுப்பியது பத்திரமாக இருக்கிறது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். இதே மாதிரி ரங்கூன் கதையோடு மஞ்சள் பெட்டி டிங்கி வாங்கியவர்கள் இருந்தால் அடித்தட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒரே கையின் வேலை என்று தெரிந்தால் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.