ஓடும் குவெரி பாதியில் அறுந்தால்: டைம்அவுட்டைக் கூட்டலாமா, கீப்அலைவா, குவெரியைப் பிரிப்பதா?

நீளமான குவெரி பாதியில் கனெக்‌ஷனை இழந்தால், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பக்கம் பலருடைய கை முதலில் போவது வெயிட் டைம்அவுட்டுக்குத்தான். பெரும்பாலும் அது வீண் வேலை. அந்த எண் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனுக்கு உரியது. ஓடிக்கொண்டிருக்கும் குவெரியை அது தொடாது. இயல்பிலேயே அது 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம். இரவெல்லாம் பூலில் (திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பில்) தூங்கிய கனெக்‌ஷன் காலையில் 2006 பிழையோடு (‘சர்வர் போய்விட்டது’) விழுந்தால் அதைச் சந்தேகிக்கலாம். அப்போதும் எண்ணைக் கூட்டுவதைவிட, பூலில் கனெக்‌ஷனின் ஆயுளை அதற்குக் கீழே வைப்பதே எனக்குப் பிடித்த வழி. குவெரி நடுவில் அறுந்தால் வருவது பெரும்பாலும் 2013 பிழை (‘குவெரியின்போது இணைப்பு அறுந்தது’).

சரி, 2013 வந்தால்? எத்தனையாவது விநாடியில் அறுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த மாத அறிக்கைக் குவெரி ஒன்று ஒவ்வொரு முறையும் சரியாக 350ஆவது விநாடியில் அறுந்தது. இன்னொரு ஜன்னலில், சர்வரில் இப்போது ஓடுவதைக் காட்டும் புராசஸ் லிஸ்ட்டைத் திறந்தால், அறுந்ததாகச் சொன்ன அதே குவெரி சர்வரில் ஓடிக்கொண்டே இருந்தது! சர்வர் வெட்டவில்லை. கணக்குப் போட்டு முடிக்கும்வரை இரு பக்கமும் ஒரு பாக்கெட்கூடப் போகாததால், நடுவில் இருந்து இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் அந்த இணைப்பையே மறந்துவிட்டது. இந்த இடத்தில் கீப்அலைவுக்கு, அதாவது சும்மா கிடக்கும் இணைப்பில் அவ்வப்போது சோதனைப் பாக்கெட் அனுப்பும் வசதிக்கு, போட்டியே இல்லை. லினக்ஸில் அதன் முதல் சோதனைப் பாக்கெட் இயல்பாக 7,200 விநாடி கழித்துத்தான் கிளம்பும். அதை 60 ஆக்கியதும் அறிக்கை முழுதாக வந்தது. வெட்டுவது கிளையன்ட் மென்பொருளின் ரீட் டைம்அவுட் என்று தெரிந்தால் மட்டும் டைம்அவுட்டைக் கூட்டுவது சரியான மருந்து.

அறுகிற நேரம் முறைக்கு முறை மாறினால் சர்வரின் அப்டைமை (எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதை) பாருங்கள். அது சில நிமிடம் என்று காட்டினால் சர்வரே விழுந்து எழுந்திருக்கிறது. கெர்னல் லாக்கில், நினைவகம் தீர்ந்தால் புராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லரின் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இது இன்னும் கொடுமை: நினைவகம் போதாமல் ஒரே ஒரு பேக்கெண்ட் (ஒரு இணைப்பைக் கவனிக்கும் புராசஸ்) கொல்லப்பட்டாலும் மற்ற எல்லா கனெக்‌ஷன்களும் சேர்ந்து அறுபடும். டைம்அவுட்டோ கீப்அலைவோ இதற்கு உதவாது; குவெரியைத்தான் மாற்ற வேண்டும். பெரிய டெலீட்டையும் அப்டேட்டையும் ஆயிரம் ஆயிரம் வரிசைகளாகப் பிரியுங்கள், ஆஃப்செட் (முதலில் இத்தனை வரிசையைத் தாண்டு என்பது) வைத்து அல்ல, கடைசியாக முடித்த ஐடிக்கு மேல் என்று. ஆஃப்செட் கூடக் கூட ஒவ்வொரு சுற்றும் மெதுவாகும். பிரிப்பதில் ஒரு இழப்பு உண்டு: எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்காது. பாதியில் நின்றால் பாதி நிலைதான் இருக்கும். கணக்கு வழக்கு டேபிள்களில் இதை யோசித்தே செய்ய வேண்டும்.

பெரிய இன்சர்ட் மட்டும் விழுந்தால் ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பான மேக்ஸ் அலவ்ட் பாக்கெட்டைப் பாருங்கள். இயல்பாக அது மைஎஸ்க்யூஎல் 5.7இல் 4 எம்பி, 8.0இல் 64 எம்பி.

அப்புறம் ரீட்ரை, அதாவது அறுந்த குவெரியை மறுபடி அனுப்புவது. படிக்கும் குவெரிக்குக்கூட நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடமாட்டேன். பழைய குவெரி சர்வரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் இரண்டாவது, மூன்றாவது என்று ஏறும். கமிட் (மாற்றத்தை உறுதிசெய்யும்) நேரத்தில் அறுந்திருந்தால் அது பதிவானதா இல்லையா என்றே கிளையன்ட்டுக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் ஒரே பதிவு இரண்டு முறை ஏறலாம். அப்படி ஏறாமல் தடுக்கும் யூனிக் கீ போட்ட பிறகே எழுதும் குவெரிக்கு ரீட்ரை வையுங்கள்.