சாடியில் தேசி, பரலில் மாங்கன்று: சில வருட அனுபவம்

வாடகை வீடு, முற்றம் முழுக்கச் சீமெந்து. அதனால் தேசி, மாதுளை, கறிவேப்பிலை, ஒட்டுக் கறுத்தக்கொழும்பான் மாங்கன்று எல்லாம் சில வருடங்களாகச் சாடியிலும் பரலிலும்தான் நிற்கின்றன.

200 லீற்றர் நீலப் பரலைக் குறுக்கே பாதியாக வெட்டி, அடியில் துளைகள் போட்டு, கற்களின் மேல் தூக்கி வைத்தால் சீமெந்துச் சாடியை விட வசதி. வெறும் செம்மண்ணை நிரப்பினால் தண்ணீர் விட விட இறுகிவிடும். செம்மண், தும்புத்தூள், உக்கிய மாட்டெரு மூன்றும் சம அளவு போடுகிறேன். வருடாவருடம் மண் கீழே இறங்கும், எருவால் நிரப்ப வேண்டும்.

பெரிய தலையிடி தண்ணீர்தான். யாழ் குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், அது கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வரும். கேத்திலில் படிகிற அதே வெள்ளை, சாடி மண்ணிலும் சேரும். நிலத்தில் நிற்கும் மரத்துக்கு வேர் ஓட இடம் இருக்கிறது, சாடியில் எங்கே போவது? மண் காரமாகிவிட்டால் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். (பழைய இலைகள் முதலில் மஞ்சளித்தால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை, வேறு கதை.) தேசிதான் முதலில் காட்டிக்கொடுக்கும், பிறகு கறிவேப்பிலை. மாதுளை இதையெல்லாம் பெரிதாகக் கணக்கெடுக்காது.

துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. துருவும் அந்த மண்ணில் கரையாது, பிறகென்ன பிரயோசனம்? இரும்புக் கீலேற் (இரும்பை வேர் எடுக்கக்கூடிய வடிவில் வைத்திருக்கும் உரம்) வாங்குவதென்றால் 'ஈடிடிஎச்ஏ' வகையைக் கேளுங்கள். மலிவான 'ஈடிடிஏ' கார மண்ணில் அவ்வளவு நிற்காது. ஆனால் மழைத்தண்ணீருக்கு ஈடில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை சாடிகளை வெளியே விட்டுவிடுகிறேன், உப்பு கழுவுப்படும். கூரைத் தண்ணீரையும் பிடித்து வைக்கிறேன், அது தேசிக்கு மட்டும். மற்ற நாட்களில் கிணற்றுத் தண்ணீரை அடித்துளையால் வழியும்வரை விட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு உள்ளேயே தங்கும்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் ஒரு நேரத் தண்ணீர் காணாது. சாடிகளை நெருக்கி வைத்து மேலே தேங்காய்ப் பொச்சு பரப்பினால் ஓரளவு தாங்கும்.

ஊற்றிய தண்ணீர் மண்ணில் ஊறாமல் ஓரத்தால் ஓடினால் வேர் நிரம்பிவிட்டது என்று எடுக்கலாம். மழை தொடங்கும்போது மரத்தை வெளியே எடுத்து, சுற்றி இரண்டு அங்குல வேரைச் சீவி, கிளையையும் அளவாக வெட்டிப் புதிய கலவையில் வைக்கிறேன். தேசியும் மாதுளையும் சீக்கிரம் தெளிந்துவிடும்.

மாங்கன்றைப் பற்றிக் கேட்டால், பரலில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். உப்புக்கு இலை நுனி கருகுகிறது, காய்ப்பதும் சொற்பம். கறுத்தக்கொழும்பான் சாப்பிட ஆசையென்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வாங்குவது சுகம்.