ஒரே பந்தியில் எழுந்த வழக்கு: தொடக்கக் கிறிஸ்தவம் பற்றிய ஒலிப்பாடத் தொடர்

தொடக்கக் கிறிஸ்தவத்துக்கும் யூத சமயத்துக்கும் இருந்த உறவை விளக்கும் இணையவழி ஒலிப்பாடத் தொடர் ஒன்றைக் கட்டணம் செலுத்தி முழுவதும் கேட்டு முடித்தேன். இயேசுவும் அவருடைய முதல் சீடர்களும் யூதர்களாகப் பிறந்து யூதர்களாகவே வாழ்ந்தார்கள் என்பதை முதல் பாடத்தில் சொல்லிவிட்டுப் பின்னர் மறந்துவிடாமல், கடைசிவரை அதையே உரைகல்லாகக் கொண்டிருப்பது இத்தொடரின் பெரும் பலம்.

அக்கால யூதப் பிரிவினரான பரிசேயர், சதுசேயர், எசேனர் ஆகியோரை ஆசிரியர் விரைவாகவே கடந்துவிடுகிறார். அவர் நின்று பேசும் இடம் சிரியாவின் பண்டைய நகரான அந்தியோகியா. பிற இனத்து விசுவாசிகளோடு சேர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேம் திருச்சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொள்ள, பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்ததாகக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் கூறும் நிகழ்ச்சியை, யூதர்கள் தொடங்கிய ஓர் இயக்கத்துக்குள் விருத்தசேதனம் பற்றியும் உணவு விதிகள் பற்றியும் எழுந்த வழக்காக ஆசிரியர் விரித்துரைக்கும் பகுதியை மூன்று முறை கேட்டேன். பவுல் தம் நிருபங்களில் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல்லை ஓரிடத்திலும் கையாளவில்லை என்று அவர் சுட்டியபோது, இத்தனை ஆண்டுகளாக அச்சொல்லைப் பவுல் மேல் ஏற்றியே வாசித்துவந்தேன் என்பது உறைத்தது.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தவுடன் இரு தரப்பும் பிரிந்துவிட்டன என்ற எளிய விடையை அவர் ஏற்பதில்லை. யூதப் பண்டிகைகளுக்கும் ஜெப ஆலயங்களுக்கும் சென்றுவந்த கிறிஸ்தவர்களைக் கண்டித்து 386, 387ஆம் ஆண்டுகளில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குரு அதே அந்தியோகியாவில் பிரசங்கிக்க வேண்டியிருந்தது என்பதை அதற்குச் சான்றாக வைக்கிறார். யூதர்கள் மீது அப்பிரசங்கங்கள் பொழிந்த கடுஞ்சொற்கள் பிற்கால வெறுப்புக்குத் துணைபோனதையும் மழுப்பாமல் சொல்கிறார். இந்த நேர்மைக்காகவே தொடரை மதிக்கிறேன்.

என் மனக்குறை, ரோமருக்கு எதிராக யூதர்கள் 132 முதல் 135 வரை நடத்திய பார் கோக்பா கிளர்ச்சி சில நிமிடங்களில் முடிந்துவிடுவதுதான். அதன்பின் பேரரசர் அட்ரியன் யூதர்களை எருசலேமுக்குள் நுழையவிடாமல் தடுத்ததையும், அதுவரை யூதர்களே ஆயர்களாக இருந்த அந்நகரத் திருச்சபைக்குப் பிற இனத்தவர் ஆயர்களானதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் எழுதியிருப்பதையும் தனிப் பாடமாகவே நடத்தியிருக்கலாம். வரைபடமோ எழுத்து வடிவமோ தரப்படாததால் ஊர்ப்பெயர்களைப் பின்தொடர்வதும் கடினம். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தையும் அப்போஸ்தலர் நடபடிகளின் 15ஆம் அதிகாரத்தையும் வாசித்துவிட்டுத் தொடங்குகிறவர்களுக்கு இத்தொடர் மிகுந்த பயன் தரும்.